பல்கலைக்கழகத்தின் பெயரா, பயிற்சியின் தரமா? அமெரிக்க நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

நோயாளியைத் தாமே பரிசோதித்து, நோய் இன்னதெனக் கண்டறிந்து, தேவையான ஆய்வுகளுக்கு அனுப்பி, மருந்தும் எழுதித் தரும் உரிமையை மேற்படிப்பின் மூலம் பெற்ற செவிலியரை அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் என்று அழைக்கின்றனர். ஏழை எளிய மக்கள் வாழும் பகுதிகளில் குழந்தைகளைக் கவனிக்க மருத்துவர் கிடைக்காத நிலையைப் போக்கும் நோக்குடன், லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதற்கான முதல் பயிற்சியைத் தொடங்கினர். இன்று அந்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இவர்கள் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே பணியாற்ற முடிகிறது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் மட்டும் மருந்து எழுதுவதற்கு ஒரு மருத்துவருடன் எழுத்து ஒப்பந்தம் வேண்டும். இத்தகைய பொறுப்புக்கு ஒருவரைத் தயார் செய்யும் படிப்பை எங்கே, எந்த முறையில் படிப்பது என்ற கேள்வி, படிக்கும் செவிலியருக்கு எவ்வளவு முக்கியமோ, நாளை அவர் முன் வந்து அமரப்போகும் நோயாளிக்கும் அவ்வளவு முக்கியம்.

செவிலியர் இளநிலைப் பட்டமும் பதிவுபெற்ற செவிலியருக்கான உரிமமும் உள்ளவர்கள் இதில் சேர்ந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் முதுநிலைப் பட்டமோ, அதைவிடக் கூடுதல் காலத்தில் டிஎன்பி எனப்படும் தொழில்சார் முனைவர் பட்டமோ பெறுகின்றனர். சேர்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டும் குடும்பத்தைக் கவனித்துக்கொண்டும் படிப்பவர்கள் என்பதால், ஆன்லைன் படிப்புகள் இத்துறையில் வேகமாகப் பெருகின. ஆன்லைன் என்ற ஒரே பெயருக்குள் பல வகைகள் உண்டு. குறித்த நேரத்தில் ஆசிரியரும் மாணவரும் திரையில் சந்திக்கும் நேரலை வகுப்பு ஒரு வகை. பதிவு செய்த பாடங்களை அவரவர் வசதிப்படி பார்த்துக்கொள்வது இன்னொரு வகை. பாடங்களை வீட்டிலிருந்து படித்தாலும் ஆண்டுக்குச் சில நாட்கள் வளாகத்துக்கு வந்து, உடற்பரிசோதனையையும் தையல் போடுவதையும் ஆசிரியர் முன்னிலையில் செய்துகாட்ட வேண்டிய கலப்பு முறை மூன்றாவது வகை. நோயியல், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகிய மூன்று அடிப்படைப் பாடங்களில் முதலிரண்டைத் திரையில் நன்றாகவே கற்பிக்கலாம். மூன்றாவதைக் கற்க ஒரு மனித உடல் எதிரே இருந்தாக வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள், அந்தப் புகழ் எதிலிருந்து பிறக்கிறது என்பதையும் பார்ப்பது நல்லது. பலரும் நம்பும் பத்திரிகைத் தரவரிசைப் பட்டியல்களில் பெரும்பங்கு வகிப்பவை, பிற கல்லூரிகளின் தலைவர்கள் அளிக்கும் மதிப்பீடும் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் நிதியும்தான். ஒரு மாணவர் எத்தனை நோயாளிகளைப் பார்த்தார், யாருடைய மேற்பார்வையில் பார்த்தார் என்பதை அவை அளப்பதில்லை. பேராசிரியர் ஆக விரும்புபவருக்கும், பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை தேடுபவருக்கும் புகழ்பெற்ற பெயர் கைகொடுக்கும் என்பது உண்மையே. சொந்த ஊர்க் கிளினிக்கில் குடும்ப நலம் பார்க்கப்போகும் ஒருவர் அந்தப் பெயருக்காகப் பெருந்தொகையைக் கடன் வாங்குவதற்கு அந்தக் காரணம் போதாது. ஆன்லைன் என்றாலே தரக்குறைவு என்ற எண்ணத்தையும் அப்படியே ஏற்பதற்கில்லை. 1925இல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் கென்டக்கி மலைப்பகுதியில் தொடங்கிய, செவிலியர்கள் குதிரையில் சென்று பிரசவம் பார்த்த சேவையிலிருந்து வளர்ந்த ஃபிரான்டியர் செவிலியர் பல்கலைக்கழகம், பல ஆண்டுகளாகத் தொலைநிலை முறையிலேயே கற்பித்துவருகிறது. மாணவர்கள் சில முறை வளாகத்துக்கு வந்து போகின்றனர். மற்றபடி தத்தம் ஊரில் இருந்தபடியே படித்து, அங்குள்ள நோயாளிகளிடமே பயிற்சி பெறுகின்றனர். மருத்துவர் இல்லாத ஊர்களுக்கு ஆள் தயார் செய்யும் நோக்கத்துக்கு இம்முறை பொருத்தமானது.

ஆகவே ஒரு படிப்பின் தரத்தை அறிய, அதன் கிளினிக்கல் பயிற்சியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அனுபவமுள்ள ஒரு நர்ஸ் பிராக்டிஷனரோ மருத்துவரோ பிரிசெப்டர், அதாவது பயிற்சி வழிகாட்டி, என்ற பொறுப்பில் மாணவரைத் தம் கிளினிக்கில் சேர்த்துக்கொள்கிறார். நீண்டகாலச் சர்க்கரை நோயாளி ஒருவர் வந்தால், மாணவர் அவரிடம் விவரம் கேட்டு, காலுறையைக் கழற்றச் சொல்லி, பாதத்தின் மேற்புறத்தில் நாடித்துடிப்பைத் தேடி, மெல்லிய நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் வளையும் வரை அழுத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெளியே வந்து, தாம் கண்டதையும் கருதுவதையும் வழிகாட்டியிடம் சுருக்கமாகச் சொல்கிறார். வழிகாட்டி உள்ளே சென்று தாமும் பார்த்துவிட்டு, விரலிடுக்கில் இருக்கும் சிறு வெடிப்பை மாணவர் கவனிக்கத் தவறியதைச் சுட்டிக்காட்டுகிறார். நாளுக்குப் பலமுறை நிகழும் இந்தத் திருத்தமே மருத்துவ அறிவைக் கைப்பழக்கமாக மாற்றுகிறது. மருத்துவர் ஒருவர் கல்லூரியிலும் அதன் பின்னான உறைவிடப் பயிற்சியிலும் பல்லாயிரம் மணி நேரம் செலவிடும்போது, நர்ஸ் பிராக்டிஷனர் மாணவர்களுக்கு நெடுங்காலமாகக் குறைந்தபட்சமாக விதிக்கப்பட்டிருந்தது 500 மணி நேரம்; 2022இல் வெளியான தேசியத் தர நெறிகள் அதை 750ஆக உயர்த்தின. அளவு இவ்வளவு குறைவாக இருக்கையில், அதில் ஒரு மணி நேரம்கூட வீணாகலாகாது.

இங்கேதான் பல ஆன்லைன் படிப்புகளின் பலவீனம் தெரிகிறது. சில கல்லூரிகள் பயிற்சி இடத்தையும் வழிகாட்டியையும் தாமே ஏற்பாடு செய்கின்றன. வேறு சில, மாணவரே தேடிக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடுகின்றன. அப்படி விடப்பட்டவர்கள் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குகின்றனர். இடைத்தரகு நிறுவனங்களுக்குப் பணம் கட்டுகின்றனர். இடம் கிடைக்காமல் ஒரு பருவத்தையே இழப்பவர்களும் உண்டு. கட்டணத்தை முழுமையாக வாங்கிக்கொண்டு, படிப்பின் இதயமான பகுதியை மாணவர் தலையில் கட்டுவது நியாயமாகாது. புகழ்பெற்ற பெயரைக் கொண்ட கல்லூரிகளிலும் இக்குறை இருக்கக்கூடும் என்பதால், பெயரை மட்டும் நம்பி இக்கேள்வியைக் கேட்காமல் விடுவது ஆபத்தானது.

பயிற்சியைத் தவிர, சரிபார்க்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. அங்கீகாரம் பெற்ற தரச்சான்று அமைப்பின் ஒப்புதல் இல்லாத படிப்பை முடித்தவர், பெரும்பாலான மாநிலங்களில் உரிமத்துக்கு அவசியமான தேசியச் சான்றிதழ்த் தேர்வை எழுத முடியாது. வேறு மாநிலக் கல்லூரியாக இருந்தால், தாம் வாழும் மாநிலத்தில் பயிற்சி அளிக்க அதற்கு அனுமதி உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். தேர்வுத் தேர்ச்சி விகிதம் உயர்ந்திருப்பதாக விளம்பரம் செய்யும் கல்லூரியில், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தனர் என்றும் கேட்டால்தான் அந்த எண் பொருள்படும். குடும்ப நலம், மனநலம், குழந்தை நலம் எனச் சேரும்போதே தேர்ந்தெடுக்கும் பிரிவுக்குள்தான் பின்னர் பணியாற்ற முடியும். மாற விரும்பினால் மீண்டும் படித்துத் தனிச் சான்றிதழ் பெற வேண்டியிருக்கும்.

இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் செல்ல நினைக்கும் செவிலியர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எஃப்-1 விசாவில் இருப்பவரின் முழுநேரப் படிப்புக் கணக்கில், ஒரு பருவத்துக்கு ஓர் ஆன்லைன் வகுப்பை மட்டுமே சேர்க்க முடியும். எனவே முழு ஆன்லைன் படிப்பு அவர்களுக்கு உதவாது. பணி வாய்ப்பின் வழியாகக் கிரீன் கார்டு பெற்றுச் சென்றவர்களுக்கு இத்தடை கிடையாது. எவராயினும், சேர்க்கைக்கான முன்பணத்தைக் கட்டுவதற்கு முன், பயிற்சி இடத்தையும் வழிகாட்டியையும் ஏற்பாடு செய்வது யார், கிடைக்காவிட்டால் கல்லூரி என்ன செய்யும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்து வடிவில் பதில் கேட்டு வாங்குங்கள். பதில் தரத் தயங்கும் கல்லூரியை விட்டு விலகுங்கள்.