ஊரிலிருந்து உறவினர் வந்தால்...

மைசூரில் குடியிருக்கும் நம்மவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தவிர்க்க முடியாத பொறுப்பு உண்டு. கோடை விடுமுறையோ தசராவோ, ஊரிலிருந்து உறவினர் வந்து இறங்கினால் ஊர் சுற்றிக் காட்ட வேண்டும். ரயில்வே பணிமனை வேலைக்காக நான் இங்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அரண்மனைக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்ற கணக்கு எனக்கே தெரியாது. வாசல் காவலர்கூட, "இந்த முறை யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்கும் அளவுக்குப் பழக்கம்.

நம் வழக்கமான சுற்று உங்களுக்கும் தெரியும். காலையில் சாமுண்டி மலை, வழியில் தொட்ட தேவராஜ உடையார் காலத்து (1659-1673) ஒற்றைக்கல் நந்தி. பிறகு 1892இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை. மாலையில் பிருந்தாவனம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இரவு அரண்மனை விளக்கு. மறுநாள் மைசூர்பாகுப் பொட்டலத்துடன் ரயில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது! நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன், கும்பகோணத்திலிருந்து என் தாய்மாமா வந்து சேரும் வரை.

மாமா கேட்ட கேள்வி

மாமா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். எதையும் சும்மா பார்த்துவிட்டு நகர மாட்டார். கிருஷ்ணராஜ சாகர் அணையில் எல்லோரும் பூங்காவைப் பார்க்க, அவர் மட்டும், "இன்று நீர்மட்டம் எத்தனை அடி மாப்பிள்ளை?" என்று கேட்டார். முழுக் கொள்ளளவு 124.80 அடி என்பது அவருக்கு மனப்பாடம். டெல்டாக்காரர் அல்லவா!

அரண்மனையிலும் அதே கதைதான். 1897இல் ஓர் அரச குடும்பத் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்து போனதையும், ஹென்றி இர்வின் வடிவமைத்த இன்றைய அரண்மனை 1912இல் முடிந்ததையும் சொன்னேன். சென்னை எழும்பூரின் கன்னிமாரா நூலகமும் அதே இர்வினின் கைவண்ணம் என்றதும் மாமாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் அவர் கண் விதானத்துக்கோ வண்ணக் கண்ணாடிக்கோ போகவில்லை. ஒரு கதவின் முன்னால் நின்றுவிட்டார். கருஞ்சிவப்பான தோதகத்தி மரம். அதில் வெள்ளை வெளேரென்று தந்தத்தால் இழைத்த உருவங்கள்.

"இது வரைந்ததா, ஒட்டியதா, செதுக்கியதா? இப்போதும் யாராவது செய்கிறார்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் இந்த ஊரில் இருந்தவனுக்கு!

ஏமாந்த கதை

அன்று மாலையே இன்னொரு பாடம். ஆட்டோ ஓட்டுநர் அழைத்துச் சென்ற ஒரு கடையில், "அசல் சந்தனம்" என்று மாமா ஒரு யானையை வாங்கினார். மணம் தூக்கியடித்தது. விலையோ, சந்தனம் விற்கும் விலைக்குச் சற்றும் பொருந்தாத குறைந்த விலை. சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இரவு வீட்டில் என் மகள் அடிப்பாகத்தைச் சற்றுச் சுரண்டினாள். உள்ளே மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஏதோ மரத்தின்மேல் தைலம் பூசியிருக்கிறார்கள்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குச் சந்தனக் கட்டை ஏற்றுமதி நின்றுபோனதும், எண்ணெயை இங்கேயே வடிக்கலாம் என்று துணிந்த ஊர் இது. அந்த ஊரின் பெயரைச் சொல்லி ஒரு போலி யானை! அதை வாங்கும் இடத்துக்குத் துணைக்குப் போனவன் நான்.

பட்டறையில் ஒரு காலை

மறுநாள் அலுவலக நண்பர் ஒருவரின் உதவியால், மரத்தில் மரம் இழைக்கும் ஒரு சிறு பட்டறைக்குப் போனோம். 'இன்லே' என்று எல்லோரும் சொல்லும் வேலை. ஓட்டு வீட்டின் முன்னறையில் நான்கு பேர் தரையில் அமர்ந்திருந்தார்கள். பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். நாங்கள் வாங்க வரவில்லை, பார்க்கத்தான் வந்தோம் என்றதும் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் காட்டினார்.

முதலில் காகிதத்தில் படம். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அதற்கேற்ற நிறமுள்ள மெல்லிய மரத் தகட்டில் ஒட்டுகிறார்கள். மஞ்சளுக்குப் பலா, கறுப்புக்குக் கருங்காலி, இப்படி. வண்ணம் பூசுவதில்லை, மரத்தின் இயற்கை நிறம்தான். நூல் போன்ற ரம்பத்தால் அறுத்தெடுத்த துண்டுகளைத் தோதகத்திப் பலகைமேல் வைத்து விளிம்பைக் கோடிடுகிறார்கள். கோட்டுக்குள் உளியால் குடைந்து, பசை தடவி, துண்டைப் பதிக்கிறார்கள். இடுக்கில் அதே மரத்தூளைப் பசையில் குழைத்து அடைக்கிறார்கள். பிறகு இழைத்து, உப்புத்தாள் தேய்த்து, மெருகேற்றுகிறார்கள். கண், விரல், ஆடை மடிப்பு போன்ற நுண்கோடுகள் கடைசியில். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் எங்கே ஒரு மரம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியக் கூடாது. அதுதான் நல்ல வேலைக்கு அடையாளம்.

அரண்மனைக் கதவைப் பற்றி மாமா கேட்டார். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின் வந்த திருத்தங்களும் தந்த வணிகத்தை நிறுத்திவிட்டன. அதனால் தந்தத்தின் இடத்தை வேறு மரங்களும் செயற்கைப் பொருள்களும் பிடித்தன. அதில் அவருக்கு வருத்தமில்லை. "யானை பிழைத்ததே, அது நல்லதுதான்" என்றார். தோதகத்தி கிடைப்பதும் அருமையாகிவிட்டது. 2017 முதல் அந்த மர இனம் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் ஏற்றுமதிக்கும் தனி ஆவணம் வேண்டும். மைசூர் இன்லே வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பல ஆண்டுகளாகிவிட்டன. ஆனால் குறியீடு கிடைத்தாலும் கூலி உயரவில்லை என்பது பெரியவரின் குறை.

"உங்கள் பிள்ளைகள்?" என்றார் மாமா.

"ஒருவன் கார் ஓட்டுகிறான், இன்னொருவன் செல்போன் கடையில். இங்கே ஒரு நாள் உட்கார்ந்தால் அங்கே கிடைப்பதில் பாதிதான் கிடைக்கும். எப்படி உட்காரச் சொல்வேன்?"

பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. மாமா ஒரு சிறு பலகையைத் தேர்ந்தெடுத்தார். ஆற்றங்கரை, தென்னை, ஒரு மாட்டு வண்டி. விலை, அந்த யானையைப்போல் இரு மடங்கு. அவர் பேரம் பேசவில்லை.

தஞ்சையும் மைசூரும்

திரும்பும் வழியில் மைசூர் ஓவியம் தீட்டும் ஒருவரின் வீட்டையும் பார்த்தோம். மாமாவின் வீட்டுப் பூஜையறையில் தஞ்சாவூர்ப் படம் உண்டு. அதனால் வேற்றுமை உடனே பிடிபட்டது. தஞ்சைப் படத்தில் சுதை வேலை தடித்துப் புடைத்து நிற்கும், கண்ணாடிக் கற்கள் மின்னும். மைசூர்ப் படத்திலோ புடைப்பு மிக மெலிது, தங்க ரேக்கும் அடக்கமாகவே ஒளிரும். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தாம். 1565க்குப் பின் விஜயநகரம் சரிந்தபோது, ஆதரவு தேடிப் புறப்பட்ட ஓவியர்கள் சிலர் தஞ்சைக்கும் சிலர் மைசூர்ப் பக்கத்துக்கும் வந்தார்கள். பிழைப்புக்காக ஊர் மாறி வந்தவர்கள் என்ற வகையில் அவர்களும் நம்மைப் போன்றவர்களே!

பட்டிலும் இந்த உறவு உண்டு. அரசுப் பட்டு நெசவாலை 1912இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கியது. மானந்தவாடி சாலையில் இன்றும் விசைத்தறிகள் ஓடுகின்றன. நூலை இறுக முறுக்கி நெய்வதால்தான் மைசூர்ப் பட்டுக்கு அந்தக் குழைவு. கைத்தறியில் நெய்யும் நம் காஞ்சிப் பட்டு வேறு ரகம். ஆனால் காஞ்சிபுரத்துத் தறிகளுக்கும் கர்நாடகத்துப் பட்டு நூல்தான் பெருமளவில் போகிறது. ஆகவே எது உயர்ந்தது என்று வீட்டில் சண்டை வேண்டாம்!

நாம் செய்யக் கூடியது

அன்பர்களே, அரண்மனையைக் காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுற்றுப்பயணத்தில் ஒரு காலைப் பொழுதை மட்டும் பட்டறைக்கு ஒதுக்குங்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நமக்குக் கன்னடம் தெரியும், வரும் உறவினருக்குத் தெரியாது. நாம் துணைக்குப் போனால் ஏமாற்றும் கடைக்காரருக்கு ஒரு வாடிக்கையாளர் குறைவார், உழைப்பவருக்கு ஒருவர் கூடுவார். மலிவாகக் கிடைக்கும் சந்தனச் சிற்பத்தை நம்பாதீர்கள். அசல் வேண்டுமென்றால் சயாஜிராவ் சாலையில் உள்ள அரசின் காவேரி விற்பனை நிலையத்தில் ரசீதுடன் வாங்குங்கள். இன்லே வாங்கும்போது விரலால் தடவிப் பாருங்கள், நிறம் பூச்சா மரமா என்று கேளுங்கள். நல்ல வேலைக்கு நியாயமான விலையைக் கொடுங்கள்.

சென்ற நவராத்திரியில் மாமா தொலைபேசியில் அழைத்தார். கொலுவில் மரப்பாச்சிக்குப் பக்கத்தில் அந்தப் பலகையை வைத்திருக்கிறாராம். வந்தவர்கள் எல்லாம் தடவிப் பார்க்கிறார்களாம். "இன்னும் இரண்டு வேண்டும் மாப்பிள்ளை, அந்தப் பெரியவரிடமே வாங்கி அனுப்பு" என்றார்.

அடுத்த ஞாயிறே போனேன். பெரியவர் இருந்தார். நான்கு பேர் இருந்த இடத்தில் இப்போது மூவர்.

"மாட்டு வண்டியா? பதினைந்து நாள் ஆகும், பரவாயில்லையா?" என்றார்.

பரவாயில்லை என்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.