இறைமையின் பெயரால் மறுக்கப்பட்ட பரிகாரம்

ஒரு நாடு தன் மக்களுக்குரிய அதிகாரத்தை வெளியிலுள்ள அமைப்பொன்றுக்குக் கையளிக்கலாமா என்ற கேள்வி ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதல்ல. கிரானிலிருந்து மட்டக்களப்பு செல்லும் நெடுஞ்சாலையோரம் கொம்மாதுறையில் இருந்த இராணுவ முகாமும் அக்கேள்வியோடு தொடர்புபட்டதென்பதை நம்மில் பலர் மறந்திருக்கக்கூடும்.

1993 ஜூலையில் நாவற்காட்டுச் சுற்றிவளைப்பில் கைதான நல்லரத்தினம் சிங்கராசா அம்முகாமுக்கே கொண்டு செல்லப்பட்டார். சிங்களத்தில் எழுதப்பட்டுக் கைநாட்டுப் பெறப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாகக் குறைந்தது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிட்டவில்லை எனக் கருத்துரைத்தது. அதனை ஆதாரமாகக் கொண்டு அவர் மீண்டும் உயர் நீதிமன்றத்தை நாடினார்.

2006 செப்டெம்பர் 15ஆம் திகதி, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு அவரது மனுவை நிராகரித்தது. அக்குழுவின் தகுதியை ஏற்று 1997இல் விருப்புரிமை நெறிமுறையில் இலங்கை இணைந்தமை நீதித்துறை அதிகாரத்தை வெளியாரிடம் ஒப்படைப்பதாகும், ஜனாதிபதிக்கு அவ்வதிகாரம் இல்லை, அது அரசியலமைப்பின் 3ஆம், 4ஆம் உறுப்புரைகளுக்கு முரண் என்பதே தீர்ப்பின் சாரம்.

அயர்லாந்திலும் இத்தகைய வழக்கொன்று எழுந்தது. ஐரோப்பிய உடன்படிக்கையொன்றுக்கு எதிராக ரேமண்ட் குரொட்டி தொடுத்த வழக்கில், அரசாங்கம் தன்னிச்சையாக அதனை ஏற்க முடியாதென 1987இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, அரசியலமைப்பைத் திருத்தி, அவ்வுடன்படிக்கை ஏற்கப்பட்டது. ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றமும் 1993இல் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை நிபந்தனைகளோடு அனுமதித்தது. அங்கெல்லாம் தீர்ப்புகள் வழியைச் சீர்செய்தன. இங்கோ கதவு மூடப்பட்டது. 2007இல் இயற்றப்பட்ட 56ஆம் இலக்கச் சட்டமும் அக்கதவைத் திறக்கவில்லை.

மனித உரிமைகள் குழு எந்தத் தீர்ப்பையும் இரத்துச் செய்வதில்லை. அது கருத்துரைக்க மட்டுமே செய்கிறது. அதனால் நீதித்துறை அதிகாரம் கைமாறியதென்ற வாதம் நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் தமிழரை வாட்டியது. 2019 ஏப்ரலின் பின்னர் முஸ்லிம்களையும் வாட்டியது. இறைமை மக்களுக்குரியதென்றே 3ஆம் உறுப்புரை கூறுகின்றது. அம்மக்களில் ஒருவர் நீதி கேட்டு வரும்போது அதே இறைமை அவருக்கு எதிரான மதிலாகிவிடலாகாது.