கூரைமேல் கதிரவன்: செலவும் வரவும்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென நம் ஆண்டவர் போதித்ததை லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மொட்டைமாடியில் சூரிய மின்தகடு பொருத்த எண்ணும் குடும்பத் தலைவர்க்கும் இப்போதனை பொருந்தும். "சாமி, போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும்?" என்று பங்கு மக்கள் பலர் நம்மை வினவுகின்றனர். அதற்கு எல்லார்க்கும் பொதுவான விடையொன்று இல்லை.

1 கிலோவாட் திறனுள்ள தகடுகளுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலற்ற இடம் வேண்டும். தமிழகத்து வெயிலில் அவை நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட், இரண்டு மாதத்திற்கு 240 யூனிட் மின்சாரம் தரும். 2024 பிப்ரவரியில் நடுவண் அரசு தொடங்கிய திட்டத்தில், முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன.

இனி, 1 கிலோவாட் அமைக்க 70,000 ரூபாய் ஆகுமெனக் கொண்டு, 2024 ஜூலையில் தமிழகத்திலிருந்த மின்கட்டணப்படி இரு குடும்பங்களின் கணக்கைப் பார்ப்போம்.

முதற் குடும்பம் இரண்டு மாதத்திற்கு 800 யூனிட் செலவிடுகிறது. கட்டணம் சுமார் 4,800 ரூபாய். 2 கிலோவாட் தகடுகள் 480 யூனிட் தந்தால், எஞ்சும் 320 யூனிட்டுக்குச் சுமார் 800 ரூபாயே ஆகும். ஆண்டுக்கு மிச்சம் 24,000 ரூபாய். மானியம் போகக் கைச்செலவு 80,000 ரூபாய். மூன்றரை ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும்.

இரண்டாம் குடும்பம் செலவிடுவது 300 யூனிட். கட்டணம் சுமார் 700 ரூபாய். 1 கிலோவாட் தகடுகளால் கட்டணம் முழுவதும் நீங்கினாலும், ஆண்டு மிச்சம் 4,200 ரூபாய்தான். மானியம் போகச் செலவிட்ட 40,000 ரூபாய் திரும்ப ஒன்பதரை ஆண்டுகள் செல்லும்.

கதிரவன் இரு வீட்டிற்கும் ஒருவனே. வேறுபாடு கட்டண முறையில் உள்ளது. அக்கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் சலுகை குறைந்து, படிதோறும் விலை ஏறும். தகடுகள் மேற்படியிலுள்ள விலைமிக்க யூனிட்டுகளையே முதலில் நீக்குகின்றன.

மேலும் சில கவனிக்கத்தக்கவை. பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, மின்தடையின்போது நண்பகலிலும் இயங்காது. கம்பியில் பணிபுரிவோரின் உயிர்காக்கவே அவ்வாறு செய்துள்ளனர். தகடுகள் 25 ஆண்டளவு உழைக்குமாயினும், இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறையேனும் மாற்ற நேரும். தென்னையோலை நிழலும் படியும் தூசியும் விளைச்சலைக் குறைக்கும்.

வத்திக்கானில் ஆறாம் சின்னப்பர் அரங்கின் கூரையில் 2008ஆம் ஆண்டிலேயே இத்தகைய தகடுகள் பொருத்தப்பட்டன. படைப்பைப் பேணும் கடமையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் விரித்துரைத்தார். ஆயினும் அக்கடமைக்காக எளிய குடும்பம் மனைவியின் நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறியை நீக்கி, 30 வாட் அளவில் சுழலும் புதிய வகையை மாட்டுவதும் படைப்பைப் பேணுவதே. வசதியுள்ளோர் தகடுகளைப் பொருத்துவார்களாக. ஏனையோர் முதலில் கடந்த ஓராண்டு மின்கட்டண அட்டையை எடுத்துவைத்துக் கணக்கிடுவார்களாக.