ஓரத்துச் சிப்பாயை முதலிலேயே தள்ளுவது ஏன்? குகேஷ் ஆடிக் காட்டிய கணக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து சேலத்துக்குப் பஸ் ஏறினால் சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி என்று நேர் ரோடு. இன்னொரு வழியும் இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலை, கருமந்துறை வழியாக அந்தப் பக்கம் இறங்கலாம். சுற்றுதான், நேரமும் கூடும். ஆனால் மலை ரோடு பழகாத டிரைவர் என்றால் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே தடுமாறிவிடுவார். செஸ்ஸில் ‘ஃபிளாங்க் ஓப்பனிங்’ ஆடுபவர் எதிராளியிடம் எதிர்பார்ப்பது அந்தத் தடுமாற்றத்தைத்தான்.

ராஜா, ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்களைத் தள்ளி நடுப்பகுதியைப் பிடி என்பது எல்லா கோச்சும் சொல்லித்தரும் முதல் பாடம். ஃபிளாங்க் ஓப்பனிங்கில் நடுவை எதிராளிக்கு விட்டுவிட்டு, பக்கவாட்டிலிருந்து அதை அடிக்கப் பார்ப்பார்கள். சி4 (இங்கிலீஷ் ஓப்பனிங்) பெரிய ஆட்டக்காரர்கள் அடிக்கடி ஆடுவது. பி4, எஃப்4 அபூர்வம். ஜி4 கிட்டத்தட்ட வம்பை விலைக்கு வாங்குவது. இதோடு ஒரு சிப்பாயை வேண்டுமென்றே பலி கொடுத்தால் அது ‘கேம்பிட்’.

சிங்கப்பூரில் நடந்தது என்ன?

2024 டிசம்பர் 8. உலக சாம்பியன்ஷிப்பின் 11ஆவது ஆட்டம். ஸ்கோர் 5-5. நம்ம சென்னைப் பையன் குகேஷ் வெள்ளை, சாம்பியன் டிங் லிரென் கறுப்பு. முதல் நகர்வில் குதிரை எஃப்3, அடுத்து சிப்பாய் சி4, மூன்றாவதாக பி4! டிங் அதை சி5 சிப்பாயால் தாக்க, குகேஷ் காப்பாற்றவில்லை. இ3 தள்ளி, ‘வேணும்னா எடுத்துக்கோ’ என்று விட்டுவிட்டார். எடுத்தால் கறுப்புக்கு ஒரு சிப்பாய் லாபம், வெள்ளைக்கு நடுப்பகுதி. டிங் எடுக்கவில்லை. ஆனால் அந்த நாலாவது நகர்வுக்கே அரை மணி நேரத்துக்கும் மேல் யோசித்தார். உலகப் போட்டியில் நாலாவது நகர்வு என்பது மனப்பாடத்தில் ஓடவேண்டிய இடம். மலை ரோடு வேலை செய்துவிட்டது.

அதே சமயம், கிடைத்த நேர லாபத்தில் பெரும்பகுதியை 11ஆவது நகர்வில் குகேஷே யோசித்துக் கரைத்துவிட்டார். அறிமுகமில்லாத வழி இரண்டு பேருக்கும்தான் அறிமுகமில்லாதது.

சுவாரஸ்யம் அந்த பி சிப்பாயின் கதை. 10ஆவது நகர்வில் பி5. 17ஆவதில் பி6, ராணியையே விரட்டியது. 22ஆவதில் டிங்கின் ராணி அதை வெட்டித் தின்றது. சிப்பாய் போனதும் பி வரிசை திறந்துகொண்டது. குகேஷின் இரண்டு யானைகளும் அங்கே வந்து நின்றன. குதிரை மூலையிலிருக்கும் ஏ1-க்கே பின்வாங்கி, பி3 வழியாக சி5 போய்ச் சேர்ந்தது. குறி கறுப்பின் பி7. நேரம் குறைந்துகொண்டிருந்த டிங் 28ஆவது நகர்வில் ராணியை சி8-க்கு நகர்த்த, குகேஷ் தன் ராணியால் சி6 குதிரையை வெட்டினார். பி7 சிப்பாய் ராணியை எடுத்தால் பி வரிசை முழுசாகத் திறந்து, பி8-ல் கறுப்பின் யானையும் அடுத்து ராணியும் போகும். டிங் கைகொடுத்துவிட்டார். 6-5.

இதைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் முதல் நகர்வே பி4 என்று ஆரம்பிப்பவர்கள் 1970 பெல்கிரேடையும் பார்க்கணும். டென்மார்க்கின் பென்ட் லார்சன் பி3 ஆடினார். அந்த ஓப்பனிங்குக்கே அவர் பெயர்தான். எதிரே உலக சாம்பியன் ஸ்பாஸ்கி. 17 நகர்வில் லார்சன் காலி. நடுவை விட்டுக்கொடுத்தவர், காய்களை வெளியே எடுப்பதிலும் தாமதித்தால் அடி நேராக ராஜா மேல் விழும்.

மூன்று நிமிட பிளிட்ஸில் எதிராளிக்கு யோசிக்க நேரமில்லை, அதனால் விசித்திர ஓப்பனிங்குகள் அங்கே நன்றாகவே எடுபடும். நீண்ட நேர ஆட்டத்தில் எதிராளி நிதானமாக உட்கார்ந்து பதிலைக் கண்டுபிடித்துவிடலாம். பி4 ஆட ஆசையென்றால் முதல் மூன்று நகர்வோடு, சிப்பாய் போன பிறகு எந்த வரிசை திறக்கும், யானையை எங்கே வைப்பது என்பதையும் பார்த்துவைப்பது நல்லது.

சொல்ல மறந்தது: மறுநாளே 12ஆவது ஆட்டத்தில் டிங் ஜெயித்து 6-6 ஆக்கினார். அவர் ஆடிய முதல் நகர்வு சி4.