சொன்னதைச் செய்யும் இயந்திரம்

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே தெருவுக்குத் தெரு தமிழ் கேட்கும். சுரங்க வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கின்றன.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீடு. அங்கே ஒரு தாத்தா, பாட்டி, பேத்தி. தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தவர். கூண்டை இறக்கி ஏற்றும் இன்ஜினை ஓட்டியவர். பாட்டி அறுபது வயதுக்கு மேல்தான் எழுதப் படிக்கக் கற்றார். பேத்திக்குப் பெங்களூரில் வேலை.

ஊரில் ஒரு தொல்லை. சுரங்கப் பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய தூள், மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. மக்கள் அதைச் சயனைட் மலை என்கிறார்கள். காற்று அடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது. சோற்றில் விழுகிறது.

நகரசபைக்கு மனு கொடுக்கத் தெருப் பெண்கள் முடிவு செய்தார்கள். முதலில் தமிழில் எழுதி எல்லாரும் படிப்பது. பிறகு கன்னடத்தில் எழுதிக் கொடுப்பது.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி லேப்டாப்பைத் திறந்தாள்.

"பாட்டி, இதுகிட்ட சொன்னா இதுவே எழுதும்" என்றாள்.

"இது யாரு?" என்றார் பாட்டி.

மொழி மாதிரி என்றால் என்ன?

அது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். மொழி மாதிரி என்று அதற்குப் பெயர்.

அதற்கு முதலில் ஏராளமான எழுத்துகளைக் காட்டுகிறார்கள். புத்தகங்கள், செய்திகள், கட்டுரைகள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று அது பழகுகிறது. "மழை" என்றால் அடுத்து "பெய்தது" வரலாம் என்று கணக்கிடுகிறது. பழகியது எல்லாம் அதற்குள் எண்களாக இருக்கும்.

இது முதல் பாடம். இது மட்டும் போதாது. "மனு எழுது" என்று சொன்னால், அது "கடிதம் எழுது, கட்டுரை எழுது" என்று பரீட்சைத் தாள் போல நீட்டிக்கொண்டே போகலாம். சொல் வரும். சொன்ன வேலை நடக்காது.

அதனால் இரண்டாவது பாடம் நடத்துகிறார்கள். ஒரு கட்டளை, அதற்கு ஒரு நல்ல பதில். இப்படி ஆயிரக்கணக்கான ஜோடிகளைக் காட்டுகிறார்கள். அப்போதுதான் அது சொன்னதைச் செய்யப் பழகுகிறது.

தாத்தா கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம கூண்டு மணி மாதிரி. இத்தனை மணி அடிச்சா இறக்கு, இத்தனை அடிச்சா ஏத்து. புதுசா வந்தவனுக்கு அதைத்தான் முதல்ல சொல்லிக் கொடுப்போம்" என்றார்.

தமிழ் எப்படி வந்தது?

பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் 2023இல் லாமா 2 என்ற மாதிரியை வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதை இறக்கிக்கொள்ளலாம், மாற்றலாம். இப்படித் தருவதைத் திறந்த மாதிரி என்கிறார்கள்.

ஆனால் அதற்குத் தமிழ் சரியாக வரவில்லை. அது படித்ததில் பெரும்பகுதி ஆங்கிலம். ஒரு தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக உடைத்துத்தான் படித்தது. புதிதாகப் படிப்பவர் எழுத்துக் கூட்டிப் படிப்பது போல.

அபினந்த் பாலச்சந்திரன் என்பவர் அந்த மாதிரிக்குத் தமிழ் கற்பித்தார். 16,000 தமிழ்ச் சொல் துண்டுகளைச் சேர்த்தார். தமிழ் எழுத்துகளைக் காட்டிப் பழக்கினார். பிறகு, ஆங்கிலத்தில் இருந்த கட்டளை, பதில் ஜோடிகளைத் தமிழாக்கி இரண்டாவது பாடமும் நடத்தினார். 2023 நவம்பரில் "தமிழ் லாமா" என்று அதை வெளியிட்டார். அதில் சிறியதற்குள் 700 கோடி எண்கள் உண்டு. அதையே சிறிய மாதிரி என்கிறார்கள்! பெரிய மாதிரிகள் அதைப்போலப் பல மடங்கு. அவற்றுக்குப் பெரிய கட்டிடம் நிறையக் கம்ப்யூட்டர்கள் வேண்டும். சிறியது ஒரு நல்ல கம்ப்யூட்டரில் அடங்கும். ஒருமுறை இறக்கிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும்.

பெரிய நிறுவனம் நம் மொழியைக் கவனிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. திறந்து கிடந்தால் நாமே கற்பிக்கலாம்.

பாட்டி கண்டுபிடித்தார்

பேத்தி இறக்கி வைத்திருந்ததும் இப்படிப்பட்ட ஒரு சிறிய மாதிரிதான். "தூசித் தொல்லை பற்றி நகரசபைக்கு மனு எழுது" என்று தட்டினாள். கொஞ்ச நேரத்தில் மனு வந்தது. "ஐயா, வணக்கம்" என்று மரியாதையாகத் தொடங்கியது.

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"சுரங்கம் 1998இல் மூடினாங்கன்னு போட்டிருக்கு. தப்பு. அன்னைக்கு உங்க தாத்தா சாப்பிடாம படுத்துக்கிட்டார். எனக்குத் தெரியாதா?"

இன்னும் இரண்டு வரி தாண்டி மறுபடியும் நின்றது.

"ஐநூறு பேருக்கு நோய்னு இருக்கே. யார் எண்ணினாங்க?"

யாரும் எண்ணவில்லை. மாதிரி பொய் சொல்ல நினைக்கவும் இல்லை. அந்த இடத்தில் பொருந்தும் சொல்லைப் போட்டது. அவ்வளவுதான். உண்மையா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. பெரிய மாதிரிகளும் இப்படித் தவறும். சிறியவை இன்னும் அதிகமாகத் தவறும்.

அந்த மனு அப்படியே போயிருந்தால்? "ஐநூறு பேர் பட்டியல் எங்கே?" என்று அதிகாரி கேட்டிருப்பார். பட்டியல் இல்லை என்றால், தூசியும் பொய் என்று ஆகிவிடும்.

தாத்தா சொன்னார்: "இன்ஜின் ஓட்டுறவனுக்குக் கூண்டு தெரியாது. மணியை நம்பித்தான் ஓட்டுவான். கீழே நின்னு மணி அடிக்கிறவன்தான் ஆள் சரியா ஏறிட்டாங்களா, கதவு சாத்தியாச்சான்னு பார்க்கணும். அவன் பார்க்காம அடிச்சா உயிர் போயிடும்."

பாட்டி அந்த இரண்டு வரிகளையும் மாற்றச் சொன்னார். எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்த மாதத்தில் காற்று அதிகம் என்று அவரே சொல்லிச் சேர்த்தார். மறுநாள் பெண்கள் கூடிப் படித்தார்கள். மனு பிடித்திருந்தது.

முன்பெல்லாம் பாட்டி யார் எதை நீட்டினாலும் கைநாட்டு வைப்பார். இந்த முறை படித்துப் பார்த்துத் தன் பெயரை எழுதினார்.

இயந்திரம் எழுதித் தரலாம். கையெழுத்து நம்முடையது. படித்த பிறகே போட வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. இரண்டாவது பாடம் நடத்தாத மாதிரி என்ன செய்யும்?
2. உங்கள் ஊர் பற்றி இயந்திரம் எழுதினால், அது சரியா என்று பார்க்க யாரைக் கேட்பீர்கள்?