இக்கரையில் நிற்போர்: ‘மோட்சப் பிரயாணம்’ வாசிக்கும் முறை

மரித்தோர் எங்கே இருக்கின்றனர்? எஞ்சியிருக்கும் நாம் எதற்காக வாழ்கிறோம்? இவ்விரு வினாக்களும் துக்க வீட்டில் ஒன்றாகவே எழுகின்றன. இவற்றுக்கு விடை தேடும் நம் சபையார் நெடுங்காலமாக நாடிவரும் நூல்களுள் ஒன்று ஜான் பனியன் எழுதிய ‘மோட்சப் பிரயாணம்’. ஆங்கிலத்தில் புதினம் என்னும் இலக்கிய வகை வேரூன்றுமுன்னரே தோன்றிய உருவகக் கதை இது. இதனை எவ்வாறு வாசித்தல் தகும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நூலின் முதற்பகுதி 1678-ஆம் ஆண்டிலும் இரண்டாம் பகுதி 1684-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பே பிரசங்கித்தமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்தவர் பனியன். அவர் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியம் 1894-இல் நூலுருப் பெற்றது. வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற அவர், கம்பன் நெறி நின்று இதனைப் பாடினார்.

முதலாவது கவனிக்கத்தக்கது ஆசிரியரின் அடக்கமாகும். மோட்சத்தின் பெயரைத் தாங்கிய இந்நூலில் மோட்சத்தின் வருணனை மிகச் சிறிதே. நகரத்தின் வாசல் திறக்கிறது, கனவு காண்பவர் உள்ளே சற்றே நோக்குகிறார், வாசல் அடைபடுகிறது, அவர் வெளியே நிற்கிறார். ஏனைய பக்கங்கள் யாவும் சேறும் மலையும் சந்தையும் சிறையும் நிறைந்த வழியைப் பற்றியவை. மறுமையின் வரைபடத்தை நாடி இந்நூலைத் திறப்போர் ஏமாற்றமடைவர். இம்மையில் நடக்கும் வகையை நாடுவோர் நிறைவு பெறுவர்.

ஆயினும் ஒரு தடை உண்டு. நாயகனாகிய கிறிஸ்தியான் நித்திய ஜீவனை நாடி ஓடுகையில், மனைவியும் மக்களும் கூவியழைப்பதைக் கேளாதபடி காதுகளில் விரலை வைத்துக்கொள்கிறான். உற்றாரைத் துறந்து தனியே கரையேறுவதா விசுவாசம்? சிதம்பரம் போன்ற ஊரில் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. பெரியபுராணம் கூறும் திருநாளைப்போவார், தில்லையில் தீயினுள் மூழ்கி எழுந்த பின்னரே திருக்கோயிலுள் புகுந்தார். அவர் பக்தியை மதியாதார் இலர். ஆனால் ஒருவர் உட்புகுந்த பின்னும் அவருடைய சேரி புறத்தேதான் நின்றது. இதனைச் சுட்டும் நாம், நமது மோட்ச நம்பிக்கையும் ஒருவரை ஏற்றிவிட்டுப் பலரைப் புறத்தே நிறுத்துகிறதோ என்று நம்மையே வினவுதல் கடமை.

இத்தடைக்கு விடையைப் பனியனே இரண்டாம் பகுதியில் அளிக்கிறார். முதற்பகுதியோடு நூலை மூடிவிடுவோர் இதனை இழக்கின்றனர். அங்கே விடப்பட்ட மனைவி நான்கு புதல்வரோடும் அயலகப் பெண் ஒருத்தியோடும் புறப்படுகிறாள். வழியில் ஊன்றுகோலால் நடப்பவர், மனத்திடமற்றவர், சோர்வுற்ற தந்தை, அஞ்சி நடுங்கும் அவர் மகள் எனப் பலரும் சேர்கின்றனர். வலியோர் மெலியோரின் நடைக்கேற்பத் தம் நடையைத் தளர்த்துகின்றனர். தனிமனித ஓட்டம் திருச்சபையின் பயணமாக மாறுகிறது.

இனி, இரு பகுதிகளின் முடிவிலும் குறுக்கிடும் ஆற்றைக் காண்போம். அதற்குப் பாலமில்லை. கடலூர் மாவட்டத்தாருக்கு நீர் வெறும் உவமையன்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று. அத்தகைய வேளையில், “கடவுள் ஏன் தண்டித்தார்?” என்ற கேள்வி எழுவது இயல்பே. பனியனின் கதையில் கிறிஸ்தியான் ஆற்றில் அமிழ்ந்து திகிலுறுகையில், உடன்வந்த நம்பிக்கை என்பவன் அவன் தலையை நீருக்குமேல் தாங்குகிறான். இத்துன்பம் கடவுள் கைவிட்டதற்கு அடையாளமன்று என்று தேற்றுகிறான். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்கள் மற்றவரினும் பாவிகள் அல்லர் என ஆண்டவர் உணர்த்தியதும் இதுவே. வாழ்நாளெல்லாம் அஞ்சிக்கொண்டே வந்த ஒருவர் ஆற்றை அடைந்தபோதோ, நீர் என்றுமில்லாத அளவுக்குத் தாழ்ந்திருந்ததாம். உறுதியான விசுவாசம் இல்லையே என்று மரணப்படுக்கையில் கலங்குவோர்க்கு இதனைவிட இனிய ஆறுதல் யாது?

ஆறுதலும் விளக்கமும் ஒன்றல்ல. பேரிழப்புக்குக் காரணம் கூற இந்நூல் முற்படவில்லை, போதகரும் முற்படலாகாது. தலையைத் தாங்கும் கையாயிருப்பதே நமக்கு இடப்பட்ட பணி.

நூலின் இறுதியில் தாய் ஆற்றைக் கடக்கிறாள். நான்கு புதல்வரும் அவர்தம் மனைவி மக்களும் கடந்தனரா? இல்லை. அவர்கள் சிலகாலம் இக்கரையிலேயே வாழ்ந்து, அவ்விடத்துத் திருச்சபை பெருக ஏதுவாயிருப்பார்கள் என்று கூறிப் பனியன் கதையை முடிக்கிறார். அக்கரையை நோக்கிய கதை இக்கரையில் பணியை ஒப்படைத்து நிறைவு பெறுகிறது. வாழ்வின் பொருள் என்னவென்று வினவுவோர்க்கு அவர் தரும் விடை இதுவே. இழப்புற்ற குடும்பங்களோடு இந்நூலை வாசிக்கும் போதகர்கள் இரண்டாம் பகுதியின் கடைசிப் பக்கம்வரை அவர்களை அழைத்துச் செல்வார்களாக.