ஆலய வீரர்: வரலாறும் கதையும்

உலகைத் துறந்தவன் வாளைத் துறவாதிருத்தல் கூடுமோ? செபமும் போரும் ஒருவனிடத்தே ஒருங்கு நிற்குமோ? இவ்வினாவிற்கு விடையாக மேனாட்டில் ஒரு துறவியர் கூட்டம் தோன்றிற்று. இரவில் எழுந்து சங்கீதம் ஓதியும், பகலிற் குதிரையேறிப் பொருதும் அவர் ஏறக்குறைய இருநூறாண்டு வாழ்ந்தனர். டெம்ப்ளர் என ஆங்கிலத்தார் வழங்கும் ஆலய வீரரே அவர். ஸ்காட் என்னும் ஆசிரியர் இயற்றிய 'ஐவன்ஹோ' என்னும் நவீனத்தைக் கற்றார், அதன்கண் வரும் செருக்கு மிக்க ஆலய வீரனை மறந்திரார். ஆயின் கதையில் வருபவர் வேறு. சரித்திரத்தில் வாழ்ந்தவர் வேறு. அவ்விருவரையும் பிரித்தறிதலும், அக்கதைகள் பிறந்த காரணத்தை ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

தோற்றம்

கி. பி. 1095-ஆம் ஆண்டிற் போப்பரசர் இரண்டாம் உர்பன், பிரான்சு தேசத்துக் கிளெர்மோன் நகரில் முதலாம் சிலுவைப் போருக்கு மக்களை அழைத்தார். 1099-இல் எருசலேம் சிலுவைப் போர்வீரர் கைப்பட்டது. அந்நாளில் அவர் நகரத்துள் இருந்த இஸ்லாமியரையும் யூதரையும் வாளுக்கு இரையாக்கினர். சிலுவையின் பெயரால் நிகழ்ந்த அக்கொலையை நினைக்குந்தோறும் கிறிஸ்தவராகிய நாம் தலை கவிழ்தல் வேண்டும்.

நகரம் கைப்பட்டதேயன்றி நாடு அடங்கிற்றில்லை. யோப்பாத் துறைமுகத்தில் இறங்கி எருசலேமுக்கு நடந்த யாத்திரிகரை மலைவழிகளிற் கள்வர் மறித்துக் கொள்ளையிட்டுக் கொன்றனர். இக்கொடுமை கண்டு மனம் பொறாத ஊகு தெ பயான் என்னும் பிரான்சு வீரர், 1119-ஆம் ஆண்டளவில், தோழர் சிலருடன் எருசலேம் பேராயர் முன்னிலையில் வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று விரதங்களையும் பூண்டு, யாத்திரிகர் வழியைக் காத்தலையே தம் தொண்டாக மேற்கொண்டார். முதற்கண் இருந்தோர் ஒன்பதின்மரே என்பது பிற்காலத்து வரலாற்றாசிரியர் கூற்று. அரசனாகிய இரண்டாம் பால்டுவின், அல்-அக்ஸா மசூதியில் அமைந்திருந்த தன் அரண்மனையின் ஒரு பகுதியை அவர்க்கு உறையுளாக அளித்தான். அவ்விடம் சாலொமோனின் தேவாலயம் இருந்த இடமென அக்காலத்தார் கருதினமையின், அவர்க்கு ஆலய வீரர் என்னும் பெயர் உண்டாயிற்று.

1129-ஆம் ஆண்டு துருவா நகரிற் கூடிய திருச்சபைச் சங்கம் இவர்க்கு ஒழுங்கு முறையொன்றை வகுத்தது. அதற்குத் துணை நின்றவர் கிளேர்வோ மடத்துத் தலைவராகிய பெர்னார்டு முனிவர். துறவி கொலை செய்யலாமோ என ஐயுற்றார்க்கு அவர் விடை கூறுமுகத்தான், தீயோனைக் கொல்லும் வீரன் மனிதனைக் கொல்கின்றானல்லன், தீமையையே கொல்கின்றான் என வாதித்தார். வாதம் கூரியதே. ஆயினும் கெத்செமனேத் தோட்டத்திற் பேதுருவின் வாளை உறையிலிடப் பணித்த ஆண்டவரின் அடியார்க்கு அவ்வாதம் முற்றும் அமைதி தருமோ என்பது எண்ணத்தக்கது.

வாழ்க்கை முறை

இவரது ஒழுங்கு கடுமையானது. உணவு வேளையில் ஒருவர் திருநூல் வாசிக்க, ஏனையோர் வாய்பேசாது உண்ணல் வேண்டும். வாரத்தில் மூன்று நாட்களே ஊன் உண்ணலாம். பொன்னும் வெள்ளியும் குதிரைச் சேணத்தை அழகு செய்தலாகாது. வேட்டையாடுதலும் விலக்கப்பட்டது; சிங்கவேட்டை ஒன்றே அதற்குப் புறநடை. உயர்குலத்து வீரர் வெள்ளை மேலாடை அணிந்தனர். அதன்மேற் செஞ்சிலுவை பின்னரே சேர்ந்தது. ஏவலாளராகவும் படைத்துணைவராகவும் இருந்த சகோதரர் கருமை அல்லது பழுப்பு நிற உடை உடுத்தனர். கருமையும் வெண்மையுமாகிய கொடி களத்தில் உயர்ந்து நிற்குங்காறும் எவனும் புறங்கொடுத்து ஓடுதல் கூடாது. ஒரு குதிரைமேல் இருவர் ஏறியிருக்கும் உருவமே இவர் முத்திரையிற் பொறிக்கப்பட்டது.

இவர் இஸ்லாமியரைக் கண்டவிடமெல்லாம் பகைத்தனர் எனக் கருதுதல் பிழையாம். உஸாமா இப்னு முன்கித் என்னும் சிரியா நாட்டுப் பெருமகனார் தம் நினைவு நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறியுள்ளார். அவர் எருசலேம் செல்லும்போது, நண்பராகிய ஆலய வீரர் தம் உறையுளை அடுத்த சிறு தொழுகையிடத்தை அவர் தொழுதற்கு ஒழித்துக் கொடுப்பது வழக்கம். ஒருநாள் ஐரோப்பாவினின்று புதிதாக வந்த ஒருவன், தொழுது நின்ற அவரைப் பற்றி இழுத்துக் கிழக்கு முகமாகத் திருப்பினான். ஆலய வீரர் விரைந்து வந்து அவனை அகற்றினர். அவன் மீட்டும் அவ்வாறே செய்ய, மீட்டும் அகற்றி, இவன் இந்நாட்டிற்குப் புதியன் எனக் கூறி அவரிடம் மன்னிப்பு வேண்டினர். பன்னாள் உடன்வாழ்ந்த பழக்கம் பகைவரையும் மதிக்கக் கற்பித்தது போலும்!

செல்வம்

விரதத்தால் ஒவ்வொருவரும் வறியர், கூட்டமோ பெருஞ்செல்வமுடையதாயிற்று. அரசரும் பிரபுக்களும் நிலங்களையும் ஆலைகளையும் தானமாக வழங்கினர். 1139-இற் போப்பரசர் இரண்டாம் இன்னொசெந்து, இக்கூட்டத்தார் தமக்கன்றிப் பிறர் எவர்க்கும் கணக்குக் கொடுக்க வேண்டுவதில்லை எனச் சாசனம் அளித்தார். இங்கிலாந்து முதல் ஸ்பெயின் வரை இவர்தம் மடங்கள் பரவின. ஐரோப்பாவில் வாழ்ந்த சகோதரரிற் பெரும்பாலார் போர்க்களம் காணாது, ஏர் உழுதும் ஆடு மேய்த்தும் கணக்கெழுதியும் கிழக்கு நாட்டுப் படைக்குப் பொருள் ஈட்டி அனுப்பியவரே.

இம்மடங்கள் அரண் உடையன. இவற்றில் வாழ்வோர் நம்பிக்கைக்குரியோர். ஆதலின் மக்கள் தம் பொருளை இங்கே வைத்துக் காத்தனர். ஒரு நாட்டு மடத்திற் பணம் கட்டிச் சீட்டுப் பெற்றவர், பிறிதொரு நாட்டு மடத்தில் அதனைக் காட்டிப் பணம் பெறலாம். பிரான்சு அரசரின் கருவூலமே பாரிஸ் நகரத்து ஆலய மடத்தில் இருந்தது. அரசர்க்குக் கடன் கொடுப்பாரும் இவரேயாயினர். அக்கடனே இவர்க்குக் கூற்றாயிற்று.

வீழ்ச்சி

1187-இல் ஹத்தீன் போரிற் சலாதீன் வென்றான். சிறைப்பட்ட ஆலய வீரரை அவன் கொல்வித்தான். எருசலேம் கிறிஸ்தவர் கையை விட்டு நீங்கிற்று. 1291-இல் ஆக்கர் நகரமும் வீழ்ந்தது. அந்நகரைக் காத்து நின்ற பெருந்தலைவர் கியோம் தெ பொழேயும் களத்தில் மாண்டார். எஞ்சியோர் சைப்பிரஸ் தீவையடைந்தனர். காக்கவேண்டிய வழி போயிற்று. காப்போரின் செல்வமோ நின்றது. அவர்தம் செருக்கையும், மற்றை வீரத்துறவியரோடு அவர் பூண்ட பூசலையும் பலர் பழித்தனர்.

அக்காலத்துப் பிரான்சு அரசன் நான்காம் பிலிப்பு. போர்ச்செலவாற் கடனில் அமிழ்ந்த அவன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தான். 1306-இல் யூதரை நாட்டினின்று துரத்தி அவர் பொருளைக் கவர்ந்தான். நாணயக் குழப்பத்தால் அவ்வாண்டின் இறுதியிற் பாரிஸ் மக்கள் கலகம் செய்தபோது, அவன் ஓடி ஒளிந்த இடம் ஆலய வீரரின் மடமே! அடைக்கலம் அளித்தாரை அவன் விரைவில் மறந்தான். 1307-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், பெருந்தலைவராகிய ஜாக் தெ மொலே அரசன் தம்பியின் மனைவியது சவ அடக்கத்தில் அரச குடும்பத்தாருடன் நின்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை விடியலில், அவரும் பிரான்சிலிருந்த ஏனைச் சகோதரரும் அரசன் ஆணையாற் சிறைப்பட்டனர்.

சாட்டிய குற்றங்கள் யாவை? புதிதாகச் சேர்வோர் கிறிஸ்துவை மறுதலித்துச் சிலுவைமேல் உமிழ்ந்தனர் என்பதும், தலையுருவம் ஒன்றை வணங்கினர் என்பதும், இழிந்த ஒழுக்கமுடையர் என்பதுமாம். பாரிஸில் முதலில் விசாரிக்கப்பட்ட 138 பேரில் நால்வர் ஒழிய யாவரும் ஏதேனும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டனர். எவ்வாறு ஒப்புக்கொண்டனர் என்பதே கேள்வி. கைகளைப் பின்கட்டிக் கயிற்றில் தூக்கினர். உள்ளங்காலை நெருப்பிற் காட்டினர். பின்னர்ப் போப்பரசரின் விசாரணைக் குழுவின் முன்னே உண்மை கூறலாம் என நம்பி, 1310-இல் ஏறக்குறைய அறுநூற்றுவர் தம் கூட்டத்திற்காக வழக்காட முன்வந்தனர். அவருள் 54 பேரை, மே மாதம் 12-ஆம் நாள், சொன்ன சொல்லை மாற்றியவர் எனக் குற்றஞ்சாட்டிப் பாரிஸ் நகர்ப்புறத்தில் உயிரோடு எரித்தனர். மறுநாள் குழுவின் முன் நின்ற ஒரு சகோதரர், தோழரை வண்டிகளில் ஏற்றிச் சென்றதைக் கண்டு நடுங்கி, ஆண்டவரையே நான் கொன்றேன் என்று சொல்லப் பணித்தாலும் சொல்லிவிடுவேன் என முறையிட்டார். வேதனையாற் பெற்ற வாக்குமூலத்தின் மதிப்பை இதனினும் தெளிய உணர்த்துதல் அரிது. சைப்பிரஸ் தீவில் விசாரிக்கப்பட்ட சகோதரரோ தாம் குற்றமற்றவர் என்றே உறுதி கூறினர். பிறரும் அவர்க்குச் சான்று பகர்ந்தனர்.

போப்பரசர் ஐந்தாம் கிளெமெந்து மனவலியற்றவர். 1312-இல் வியன் நகரச் சங்கத்தில், குற்றம் தெளியப்பட்டதெனத் தீர்ப்புக் கூறாமலே, தம் ஆணையாற் கூட்டத்தைக் கலைத்தார். அதன் உடைமைகளை மருத்துவமனை வீரர் எனப்படும் மற்றொரு கூட்டத்தார்க்கு அளித்தார். அவரோ பிலிப்பு கேட்ட இரண்டு லட்சம் லீவர் பணத்தைக் கொடுத்தே அவற்றைப் பெற வேண்டியதாயிற்று. 1314-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஆயுட்சிறை விதிக்கப்பட்ட மொலேயும், நார்மண்டித் தலைவராகிய ஜெப்ருவா தெ சார்னேயும் மக்கள் முன் எழுந்து, எம் கூட்டம் தூயது, உயிருக்கு அஞ்சி நாங்கள் கூறியதே பொய் என்றனர். அன்று மாலையே சேன் நதியிடைத் தீவொன்றில் இருவரும் எரிக்கப்பட்டனர்.

கதைகள்

வழக்கு முடியாத இடத்திற் கதை பிறத்தல் இயல்பு. தீர்ப்பின்றி அழிந்த இக்கூட்டத்தைச் சுற்றிக் கதைகள் பல கிளைத்தன.

முதலாவது, சாபக் கதை. எரியும் விறகின் நடுவினின்று மொலே, அரசனையும் போப்பையும் ஓராண்டுக்குள் கடவுள் நியாயாசனத்தின் முன் வரும்படி அழைத்தார் என்பர். கிளெமெந்து அவ்வாண்டு ஏப்ரலிலும், பிலிப்பு நவம்பரிலும் இறந்தமை உண்மை. பிலிப்பின் மைந்தர் மூவரும் ஒருவர்பின் ஒருவராக அரசாண்டு, 1328-க்குள் ஆண்வழியின்றி மாண்டதும் உண்மை. ஆயின் கிளெமெந்து நெடுநாள் நோயாளி. ஓராண்டுத் தவணையோ பின்னர்ப் புனையப்பட்டது. ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன் அரியணையிலே வீழ்ந்தான் எனக் காப்பியங் கற்ற நமக்கு, மக்கள் இக்கதையை விரும்பியதன் காரணம் விளங்காமற் போகாது. நீதிமன்றம் செய்யத் தவறியதைக் கதை செய்து முடிக்கின்றது.

இரண்டாவது, புதையற் கதை. பொற்குவியல் இரவோடிரவாகக் கப்பலேறிப் போயிற்று என்பர். மடங்களைக் கைப்பற்றிய அதிகாரிகள் எழுதிய பட்டியல்களிலோ கலப்பையும் மாடும் தானியமும் பீப்பாயுமே மிகுதி. அவர்தம் செல்வம் நிலத்தில் இருந்தது, நிலம் கப்பலேறாது.

மூன்றாவது, விக்கிரகக் கதை. 'பாபொமெத்' என்னும் தலையை வணங்கினர் என்றனர். இது முகம்மது என்னும் பெயரின் சிதைவே. உருவ வழிபாட்டை முற்றும் மறுக்கும் மதத்தாரிடமிருந்து விக்கிரகம் கற்றனர் என்பது எத்துணைப் பேதைமை! பாரிஸ் மடத்திலே தேடியபோது, புனிதர் எலும்பைப் பேணும் வெள்ளித் தலைப்பேழை ஒன்றே கிடைத்தது.

ஆண்டவர் இராப்போசனத்திற் கையாண்ட பாத்திரத்தை இவர் மறைத்துக் காத்தனர் என்பது வேறொரு கதை. உல்பிராம் என்னும் ஜெர்மானியக் கவிஞர், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தம் 'பார்சிவால்' காவியத்தில் கிரெயில் என்னும் அதிசயக் கல்லைக் காப்போர்க்கு இவர் பெயரையொத்த பெயரிட்டார். பிற்காலத்தார் அக்கற்பனையை வரலாறாகக் கொண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரீமேசன் சங்கத்தார் சிலர் தம்மை இவர் வழியினர் என உரிமை பாராட்டினர். பதின்மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமையைத் தீய நாளாக அஞ்சுதல் இவர் சிறைப்பட்ட நாளால் வந்ததென்பதோ இருபதாம் நூற்றாண்டுப் புனைவு.

மெய்யான வழித்தோன்றல் ஒன்று உண்டு. போர்த்துகல் அரசன் தினிசு, 1319-இல், இவர் உடைமைகளைக் கொண்டு 'கிறிஸ்துவின் வீரர்' என்னும் புதுக்கூட்டம் அமைத்தான். அக்கூட்டத்தின் செஞ்சிலுவையைப் பாயில் தாங்கிய கப்பல்களே 1498-இல் வாஸ்கோ ட காமாவுடன் கள்ளிக்கோட்டைக் கரையை அடைந்தன.

முடிவுரை

1308-ஆம் ஆண்டிற் போப்பரசரின் கர்தினால்மார் சினோன் கோட்டையில் மொலேயையும் பிற தலைவரையும் விசாரித்து, அவர் மனம் வருந்தி வேண்டியபடி பாவமன்னிப்பு அளித்துத் திருச்சபையில் மீட்டும் சேர்த்துக்கொண்டனர். அதனைக் கூறும் தோற்சுவடி வத்திக்கான் ஆவணச்சாலையில் மறைந்து கிடந்தது. 2001-இல் பார்பரா பிராலே என்னும் இத்தாலிய ஆராய்ச்சியாளர் அதனைக் கண்டெடுத்தார்; 2007-இல் அது வெளியிடப்பெற்றது. அவர் யாதொரு பிழையும் செய்திலர் என அச்சுவடி சொல்லவில்லை. தலைவர்களைத் திருச்சபை மன்னித்து ஏற்றது என்பதையும், அங்ஙனம் ஏற்ற பின்னரும் அவர்களைக் காக்கத் துணியவில்லை என்பதையுமே அது காட்டுகின்றது.

வாளால் வேதத்தைக் காக்க முற்பட்டவர் அரசனின் பேராசைக்கு இரையாயினர். அவர் ஏந்திய வாளை நாம் போற்ற வேண்டுவதில்லை. அவர்க்கு இழைத்த அநீதியை மறக்கவும் வேண்டுவதில்லை. ஒருவரைப் பற்றி ஊரார் தூற்றுவதைக் கேட்கும்போது, இச்சொல் எவ்வாறு பெறப்பட்டது, யாருக்கு இதனாற் பயன் என்னும் இரு கேள்விகளையும் கேட்டுப் பழகுவோமாக. பிலிப்பின் ஆட்கள் கதவைத் தட்டிப் பழி சுமத்தியது ஒரு விடியற்பொழுதில். தலைவர்களை மன்னித்த ஏட்டை உலகம் கண்டதோ ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் கழித்தே.